உப்பு, எண்ணெய், சர்க்கரை: எதற்கு எவ்வளவு பயப்படலாம்?

அடிக்கடி வரும் கேள்வி இது: "உப்பு ரத்த அழுத்தத்தைக் கொண்டுவரும், எண்ணெய் மாரடைப்பைக் கொண்டுவரும், சர்க்கரை நீரிழிவைக் கொண்டுவரும் என்கிறார்கள். மூன்றையும் அடியோடு நிறுத்திவிடலாமா? அல்லது இந்துப்பு, எண்ணெயில்லாச் சமையல், தேன் என்று மாறிக்கொண்டால் போதுமா?"

அடியோடு நிறுத்த வேண்டாம். சோடியமும் கொழுப்பும் இல்லாமல் உடம்பு ஓடாது. தனியாகச் சேர்க்கும் சர்க்கரை மட்டும்தான் இல்லாமலே காலம் தள்ளக்கூடியது. இந்துப்பு, தேன் போன்ற மாற்றங்களால் பெரிதாக எதுவும் மாறாது. இந்த மூன்றைப் பற்றிய பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் பெரும்பாலும் தப்பான இடத்தில் போய் உட்காருகிறது. முட்டையின் மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுபவர், கறுத்துப்போன எண்ணெயை நான்காம் முறையாக அடுப்பில் ஏற்றுவார். காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பவர் தாகத்துக்குப் பழச்சாறு குடிப்பார்.

முதலில் வீட்டுக் கணக்கு

பயப்படுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம். உப்புப் பாக்கெட், எண்ணெய்ப் பாட்டில், சர்க்கரைப் பை ஆகியவற்றைப் பிரிக்கும்போது அதன் மேலேயே தேதியை எழுதிவிடுங்கள். தீர்ந்த அன்று, மொத்த எடையை வீட்டில் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையாலும் நாட்களாலும் வகுங்கள். சின்னக் குழந்தையை அரை ஆளாக எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் 30 நாளில் 1 கிலோ உப்பு, 3 லிட்டர் எண்ணெய், 3 கிலோ சர்க்கரை தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். உப்பு ஆளுக்கு நாளைக்கு 8.3 கிராம். எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 920 கிராம் எடை இருக்கும், ஆகவே ஆளுக்கு 23 கிராம். சர்க்கரை 25 கிராம்.

இந்த வீட்டில் பொதுவாக எல்லோரும் எதைக் குறைக்கச் சொல்வார்கள்? எண்ணெயை. ஆனால் கணக்குப்படி எண்ணெயில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு மொத்தக் கொழுப்பு எரிசக்தியில் 30 சதவீதம் வரை, அதாவது சுமார் 67 கிராம் வரை போகலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பால், கொட்டைகள், இறைச்சி எல்லாம் சேர்ந்தும் அதற்குள் நிற்க இடமிருக்கிறது. சர்க்கரை, முடிந்தால் தாண்டக் கூடாத 25 கிராம் எல்லைக்கோட்டில் நிற்கிறது. 5 கிராம் வரம்புள்ள உப்புதான் தாண்டிவிட்டது. வெளியில் சாப்பிடுவதும் பாக்கெட் தீனியும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மறுபக்கம், வடித்துக் கொட்டும் உப்புத் தண்ணீரும் பொரித்துவிட்டுத் தூக்கிப் போடும் எண்ணெயும் வயிற்றுக்குள் போவதில்லை, அவற்றைக் கழித்துக்கொள்ளலாம். கணக்கு தோராயமானதுதான். ஆனாலும் "நான் ரொம்பக் கம்மியாத்தான் போடுறேன்" என்ற நம்பிக்கையைவிட நம்பகமானது.

உப்பு: நிறம் எதுவானால் என்ன

உப்பில் எடையாகப் பார்த்தால் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். சோடியம் எங்கே தங்குகிறதோ அங்கே தண்ணீரும் தங்கும். ரத்த ஓட்டத்தில் நீர் கூடினால், அதை வெளியேற்ற சிறுநீரகம் அதிக அழுத்தத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இளம் வயதில் நல்ல சிறுநீரகம் இதைச் சுலபமாகச் சமாளித்துவிடும். வயது ஏற ஏற, சிறுநீரகம் தளரத் தளர, அதே அளவு உப்பு அழுத்தத்தை உயர்த்தும். "இத்தனை வருஷமா இப்படித்தான் சாப்பிடுறேன், ஒண்ணும் ஆகலையே" என்ற வாதம் இதனால்தான் ஒரு வயதுக்கு மேல் எடுபடாது.

குறைத்தால் எவ்வளவு பலன்? ஒரு நாளைக்கு 4.4 கிராம் உப்பைக் குறைத்த பரிசோதனைகளை 2013இல் சேர்த்துப் பார்த்தபோது, ரத்த அழுத்தம் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 5 புள்ளிக்குச் சற்று மேலும், இயல்பாக இருப்பவர்களுக்கு 2 புள்ளிக்குச் சற்று மேலும் இறங்கியது. தனி ஒருவருக்கு இது சின்ன எண்ணாகத் தெரியலாம். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த 5 புள்ளி சின்ன விஷயமில்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது 2000 மில்லிகிராமுக்குள் சோடியம். உலகச் சராசரி இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், கிட்டத்தட்ட 10.8 கிராம். பொடி உப்பு தலைதட்டி ஒரு தேக்கரண்டி எடுத்தால் சுமார் 6 கிராம் வரும். ஆக, ஒரு நாள் முழுவதற்கும், எல்லா உணவுக்கும் சேர்த்து, ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு.

இனி இந்துப்பு, இளஞ்சிவப்பு உப்பு, கடல் உப்பு விஷயம். எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். நிறம் தரும் தாதுக்கள் இருப்பது உண்மை. ஆனால் 5 கிராம் உப்பிலிருந்து கிடைக்கும் இரும்பும் மெக்னீசியமும் உணவில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் கணக்கில் வராது. ஒரு வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியத்தை இளஞ்சிவப்பு உப்பிலிருந்து எடுக்க நினைத்தால், அதற்குள் சோடியமே ஆளைப் படுக்கவைத்துவிடும். இந்த உப்புகளில் வழக்கமாக அயோடின் சேர்ப்பதில்லை என்பது இன்னொரு குறை. பெரியவருக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிக்கு அதைவிட அதிகம். கடல் மீனும் பாலும் முட்டையும் சாப்பிடாத வீடு அயோடின் உப்பையும் விட்டுவிட்டால், தைராய்டுக்குத்தான் முதலில் இடி. உப்பைக் குறைப்பதும் அயோடின் உப்பையே பயன்படுத்துவதும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். கல் உப்புக்கு மாறியதும் உப்பு குறைந்துவிட்டது என்று சிலர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கற்களுக்கு இடையே காற்று இருப்பதால் அதே கரண்டியில் எடை குறைவாக நிற்கும். கைப்பழக்கத்தில் அதே கரண்டி போட்டால் உப்பு குறையும், சுவை பார்த்துக் கூட்டிவிட்டால் பழைய அளவே வந்துவிடும்.

பாக்கெட்டில் "சோடியம்" என்று போட்டிருந்தால் அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் எடை வரும். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பாக்கெட் 50 கிராமாக இருந்தால் அதில் 1 கிராம் உப்பு. மொறுமொறு தீனிகளின் உப்பு மேல்பரப்பில் ஒட்டியிருப்பதால் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். ரொட்டி, பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி, உடனடி நூடுல்ஸ் போன்றவற்றில் உப்பு உள்ளே கரைந்திருப்பதால் அவ்வளவாகத் தெரியாது. நூடுல்ஸ் ஒரு பாக்கெட்டே நாளின் உப்பு வரம்பில் பாதியைத் தொடுவது சாதாரணம். சமையல் சோடாவும் சோடியம்தான், ஒரு தேக்கரண்டியில் 1200 மில்லிகிராமுக்கு மேல். யாரும் சந்தேகப்படாத இன்னோர் இடம் தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் மாத்திரைகள். சில வகைகளில் மாத்திரைக்கு 400 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் உண்டு. இதய நோயாளி அதை நாளைக்கு நான்கு போட்டால், சாப்பாட்டில் செய்த சிக்கனம் மொத்தமும் வீண்.

குறைக்கும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரே நாளில் பாதியாக்கினால் சாப்பாடு சப்பென்று ஆகி, தட்டில் உப்புக் குப்பி ஏறிவிடும். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும், பிறகு பழைய அளவு கரிக்கும். கையால் அள்ளிப் போடுவதை விட்டு ஒரே கரண்டியால் போடுங்கள், எண்ணிக்கை தெரிந்தால்தான் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க முடியும். அதே உப்பைக் கடைசியில், மேலாகத் தூவினால் நாக்கில் தூக்கலாகத் தெரியும், குறைவாகவே போதும். புளிப்பு, மிளகு, பூண்டு, வறுத்த வாசனை ஆகியவை உப்புக் குறைவை மறைப்பதில் கெட்டிக்காரர்கள், அதிலும் எலுமிச்சைச் சாறு முதலிடம்.

உப்பு கூடிப்போன குழம்பில் உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு உறிஞ்சுவது உப்புத் தண்ணீரை. கிழங்கை எடுத்துவிட்டால் மிச்சக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். உப்பில்லாத எதையாவது சேர்த்து அளவைக் கூட்டுவது ஒன்றே வழி. புளிப்போ இனிப்போ சேர்ப்பது நாக்கை ஏமாற்றும், ரத்தக் குழாயை ஏமாற்றாது.

சோடியத்தின் ஒரு பங்கைப் பொட்டாசியமாக மாற்றிய உப்பு உண்மையிலேயே பலன் தரும் மாற்று. சீனாவில் சுமார் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் ஐந்து ஆண்டு நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. பக்கவாதம் வந்தவர்களையோ, ரத்த அழுத்தம் உள்ள வயதானவர்களையோதான் அதில் சேர்த்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் ரத்த அழுத்த மருந்துகள் சாப்பிடுகிறவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரக நோய் இருந்தால், மொத்தச் சமையலுக்கும் இந்த உப்பைப் போடுவது ஆபத்து.

எதிர்த்திசைப் பயமும் உண்டு: "உப்பைக் குறைத்தால்தான் இதயத்துக்குக் கேடு, 5 கிராம் பற்றாது." மிகக் குறைந்த அளவில் என்ன நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை நிஜமாகவே இருக்கிறது, சிறுநீர் மாதிரியை வைத்து உப்பை மதிப்பிடும் முறையே அந்தச் சண்டையில் பாதி. ஆனால் 10 கிராமிலிருந்து 6 கிராமுக்கு வருபவரைப் பற்றியது அல்ல அந்தச் சண்டை. உப்பு பற்றாமல் போவது உண்மையான பிரச்சினையாவது வேறு ஆட்களுக்கு: வெயிலில் மணிக்கணக்காக வியர்த்து வெறும் தண்ணீரையே குடிப்பவர், விடாத வயிற்றுப்போக்கு உள்ளவர், நீர் பிரிய மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே உப்பையும் சாப்பாட்டையும் குறைத்துவிட்ட முதியவர். முதியவருக்குத் திடீரென்று குழப்பமும் தள்ளாட்டமும் வந்தால் வயதின் மேல் பழிபோட்டுவிட்டு உட்கார்ந்திருக்காமல் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.

கொழுப்பு: எது, எப்படிக் காய்ச்சியது

எண்ணெயில்லாச் சமையல் ஒரு காலத்தின் மிச்சம். 1980களிலும் 90களிலும் கொழுப்பு குறைந்த உணவு என்பதே ஆரோக்கியத்துக்கு மறுபெயராக இருந்தது. தயாரிப்பாளர்கள் கொழுப்பை எடுத்துவிட்டு, போன சுவைக்கு மாவையும் சர்க்கரையையும் போட்டார்கள். அமெரிக்காவில் சுமார் 48,800 பெண்களிடம் சராசரி எட்டு ஆண்டு நடந்த பரிசோதனையின் முடிவு 2006இல் வந்தது. மொத்தக் கொழுப்பைக் குறைத்த குழுவுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறிப்பிடும்படி குறையவில்லை. கொழுப்பை எடுத்த இடத்தில் எதை வைக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் மிகுந்த நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றில் மிகுந்த நிறைவுறாத கொழுப்பு வந்தால் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கும். வெள்ளை மாவோ சர்க்கரையோ வந்தால் லாபம் இல்லை.

ஏ, டி, இ, கே வைட்டமின்களும் காரட், கீரையின் நிறச்சத்தும் கொழுப்பில்தான் கரையும். ஒரு துளி எண்ணெயோ கொட்டையோ இல்லாமல் சாப்பிடும் காய்கறிக் கலவையில் அவை பெரும்பாலும் வந்த வழியே வெளியேறும். லினோலிக், ஆல்ஃபா லினோலெனிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களை உடம்பால் செய்துகொள்ளவே முடியாது.

"கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்" என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் பொருட்படுத்தும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது. ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கைக் கல்லீரல்தான் உற்பத்தி செய்கிறது. அதைத் தூண்டுவதில் தட்டில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புக்குப் பங்கு அதிகம். ஒரு முட்டையில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருந்தாலும் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். ஒரு தேக்கரண்டி வெண்ணெயிலேயே அது இரண்டரை கிராம் வரும். பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு முட்டை பிரச்சினையில்லை. நீரிழிவு உள்ளவர்களும், பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் மிக உயர்ந்தவர்களும் மட்டும் மருத்துவர் சொன்னபடி நடக்கட்டும்.

நிறைவுற்ற கொழுப்புக்கு வரம்பு எரிசக்தியில் 10 சதவீதம், 2000 கலோரிக்கு 22 கிராம். ஒரு மேசைக்கரண்டிக்கு எவ்வளவு என்று பார்ப்போம். தேங்காய் எண்ணெயில் 11 முதல் 12 கிராம். நெய்யில் 8 முதல் 9. வெண்ணெயிலும் பாமாயிலிலும் சுமார் 7. கடலை எண்ணெயில் இரண்டரைக்குள். நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் இரண்டிலும் 2 அளவில். சூரியகாந்தி எண்ணெயில் ஒன்றரை. இதை வைத்துத் தேங்காய் எண்ணெயும் நெய்யும் விஷம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. வாசனைக்கு ஒரு தேக்கரண்டி என்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. "மருத்துவ குணம்" என்று நம்பி வெறும் வயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி குடித்தால், காலை ஏழு மணிக்கே அன்றைய ஒதுக்கீடு ஏறக்குறைய முடிந்தது.

விதை எண்ணெய்கள் உடம்பில் அழற்சியை மூட்டுகின்றன என்ற பயம் இப்போது பரவியிருக்கிறது. அவற்றில் மிகுந்திருக்கும் லினோலிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளில் ரத்தத்தின் அழற்சிக் குறிகள் ஏறவில்லை. அந்த எண்ணெயில் பொரித்த பாக்கெட் தீனி கெடுதல் செய்கிறது என்றால் அதற்கு எண்ணெயைத் தவிர வேறு காரணங்களும் உண்டு.

சந்தேகமே இல்லாமல் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு: டிரான்ஸ் கொழுப்பு. திரவ எண்ணெயில் பாதி அளவுக்கு ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது உருவாவது. இது எல்டிஎல்லை ஏற்றும், நல்ல கொலஸ்ட்ராலை இறக்கும். டென்மார்க் 2003இலேயே வரம்பு விதித்தது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் இதை உலக அளவில் ஒழிக்க அறைகூவல் விடுத்தது. பாக்கெட்டின் பொருள் பட்டியலில் "பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்" என்று இருந்தால் வைத்துவிடுங்கள். முகப்பில் "டிரான்ஸ் பூஜ்யம்" என்று இருந்தாலும் பட்டியலைப் பாருங்கள். ஒரு பரிமாறலுக்கு மிகச் சிறிய அளவு என்றால் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளச் சில நாடுகளின் விதி இடம் தருகிறது. ஒருவர் ஒரு பரிமாறலோடு நிறுத்துவதும் அபூர்வம்.

பொரித்த எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தினால் டிரான்ஸ் கொழுப்பு குவிந்துவிடும் என்பது பாதிதான் சரி. வீட்டுச் சூட்டில் அது உருவாவது சொற்பம். கெடுவது வேறு வழியில். பொரிக்கும் பொருளின் ஈரம் எண்ணெயை உடைத்துத் தனிக் கொழுப்பு அமிலங்களாக்கும், அதனால் முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் நடக்கும், காறல் வாடை வரும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி எண்ணெய் பிசுபிசுக்கும். வாணலி விளிம்பில் பழுப்பாக, தேய்த்தாலும் போகாத பிசின் படிகிறதே, அது இதுதான். அடியில் கருகிய துகள்கள் இதையெல்லாம் வேகப்படுத்தும்.

ஆகவே வீட்டில் இப்படிச் செய்யுங்கள். 170 முதல் 180 டிகிரிக்குள் பொரியுங்கள். சிறு ரொட்டித் துண்டைப் போட்டால் ஒரு நிமிடத்தில் பொன்னிறமாவது ஏறக்குறைய அந்தச் சூடு. போடும் பொருளின் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். ஒரே ஈட்டில் நிறையப் போட்டால் எண்ணெய் ஆறி, மேல்தோல் இறுக நேரம் எடுத்து, எண்ணெய் குடிக்கும். முடிந்ததும் அடுப்பை அணையுங்கள், கை பொறுக்கும் சூட்டில் மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். இன்னும் ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு முறை, அதுவும் சில நாட்களுக்குள். பழையதில் புதியதை ஊற்றி நிரப்பினால் புதியதும் சீக்கிரம் கெடும். நுரை சின்னச் சின்னக் குமிழாக வந்து அடங்காமல் நின்றால், நிறம் கறுத்தால், கரண்டியில் கொழகொழவென்று வழிந்தால், வழக்கத்துக்கு முன்பே புகைந்தால் கொட்டிவிடுங்கள், சாக்கடையில் அல்ல. சூரியகாந்தி மாதிரி நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெய்கள் இந்த வேலையில் சீக்கிரம் கெடும். தாளிக்கவும் வதக்கவும் அவை சரி, பொரிக்கக் கடலை எண்ணெய் அதிகம் தாங்கும்.

பலர் கவனிக்காத ஒன்று. பொரிந்த பண்டம் எண்ணெய்க்குள் இருக்கும்போது உள்ளிருந்து ஆவி பீறிட்டுக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் நுழைவதில்லை. வெளியே எடுத்ததும் ஆவி அடங்கி, உள்ளே வெற்றிடம் உருவாகி, மேலே ஒட்டியிருந்த எண்ணெயை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் ஏறுவதில் பெரும்பகுதி அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில்தான். எடுத்தவுடன், சூட்டோடு, கரண்டியை நன்றாக உதறி, காகிதத்தில் பரப்புங்கள். ஆறிய பிறகு காகிதத்தில் ஒற்றினால் வருவது மிச்சம் மீதி.

எண்ணெயின் அளவில் கவலைப்பட வேண்டியவர் எடை குறைக்க விரும்புகிறவர். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் கைக்கு ஒரு கரண்டிக்கும் மூன்று கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது. கரண்டியால் அளந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சர்க்கரை: கரண்டியைவிடக் கோப்பை

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வரம்பு வைத்தது "தனிச் சர்க்கரை"க்கு: எரிசக்தியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள். 2000 கலோரிக்கு 50 கிராம், 25 கிராம். நாம் சேர்க்கும் எல்லாச் சர்க்கரையும், தேனும், பாகும், பழச்சாறும் இதில் அடக்கம். முழுப் பழமும் வெறும் பாலும் அடங்காது.

தேன், வெல்லம், பழுப்புச் சர்க்கரை மூன்றும் அந்தக் கணக்கின் உள்ளேதான். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஒரு தேக்கரண்டி சர்க்கரை 4 கிராம், 16 கலோரி. தேன் கெட்டியாக இருப்பதால் அதே கரண்டியில் 7 கிராம், 21 கலோரி. வாசனைக்காகத் தேன் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் மருந்து என்று நினைத்து இரட்டிப்பாக ஊற்றாதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து அந்தக் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம்.

330 மில்லி கோலாவில் 35 கிராம் சர்க்கரை. காபிக்கு ஒரு கரண்டி வீதம் எட்டுக் கோப்பைக்கு மேல் குடித்தால்தான் அந்தக் கணக்கு வரும். மெல்லாமல் இறங்கும் கலோரியை வயிறு சரியாகக் கணக்கெடுப்பதில்லை, அடுத்த வேளைச் சாப்பாடு குறைவதும் இல்லை. ஒரு நடுத்தர ஆப்பிளில் 19 கிராம் சர்க்கரை இருந்தாலும் 4 கிராம் நார் இருக்கிறது, தின்று முடிக்க ஐந்து நிமிடம் ஆகிறது. இரண்டு மூன்று ஆப்பிளைப் பிழிந்த சாறு அரை நிமிடத்தில் உள்ளே போய்விடும். பழத்துக்குப் பயந்து சாற்றை நம்புவது தலைகீழ்.

சர்க்கரை தின்றதால்தான் நீரிழிவு வருகிறதா? நேர்க்கோடாக அப்படிச் சொல்ல முடியாது. பரம்பரை, வயிற்றுச் சதை, உடலுழைப்பின்மை எல்லாம் சேர்ந்த விளைவு அது. இனிப்புப் பானங்களுக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு மட்டும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நீரிழிவு வந்த பிறகு செய்யும் தப்பு வேறு: காபியில் 4 கிராம் சர்க்கரையை நிறுத்திவிட்டு, சோற்றை அதே அளவில் சாப்பிடுவது. ஒரு கப் வெள்ளைச் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. செரித்தால் அதுவும் குளுகோஸ்தான். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் முழுவதிலும் எந்த நேரத்திலும் இருக்கும் குளுகோஸ் ஏறக்குறைய 5 கிராம், ஒரு கரண்டிதான். மூன்று கப் சோறு வந்து இறங்கும்போது எவ்வளவு வேகமாக அதை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

குழந்தைகள் சர்க்கரை தின்றால் ஆட்டம் போடுவார்கள் என்பதைச் சோதித்த 23 பரிசோதனைகளை 1995இல் தொகுத்துப் பார்த்ததில், நடத்தையில் மாற்றமே தெரியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஓர் ஆய்வு இன்னும் சுவாரசியம். பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்ததாகத் தாய்மாரிடம் சொன்னார்கள், உண்மையில் கொடுக்கவில்லை. அந்தத் தாய்மாருக்குப் பிள்ளை அதிகம் துள்ளுவதாகத் தோன்றியது. பிறந்தநாள் கூட்டத்தில் துள்ளலுக்குக் காரணம் கூட்டம்.

புற்றுநோய்க்குத் தீனி சர்க்கரை, அதை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும் என்பது நோயாளிகளை வாட்டும் பயம். எல்லாச் செல்லும் குளுகோஸைப் பயன்படுத்துகிறது. வாயை மூடிக்கொண்டாலும் கல்லீரல் புரதத்திலிருந்தாவது குளுகோஸ் செய்து ரத்தத்தில் விடும். சிகிச்சையின்போது எடை இழப்பதுதான் அங்கே பெரிய ஆபத்து.

பல்லைப் பொறுத்தவரை அளவைவிட எத்தனை முறை என்பது முக்கியம். இனிப்பு பட்டதும் வாயில் அமிலம் ஏறி, அரை மணி நேரம் வரை எனாமலைக் கரைக்கும். மொத்தமாகச் சாப்பாட்டோடு தின்று முடிப்பதைவிட, நாள் முழுக்க ஒவ்வொரு மிட்டாயாகச் சப்புவது மோசம்.

சர்க்கரை சேர்க்காத இனிப்பூட்டிகளில் அஸ்பார்ட்டேமை 2023இல் "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற வரிசையில் சேர்த்த செய்தி பலரைக் கலங்கடித்தது. அதே நேரத்தில் நாள் வரம்பை, உடல் எடை கிலோவுக்கு 40 மில்லிகிராம், மாற்றாமல் அப்படியே விட்டார்கள். 70 கிலோ ஆள் அதைத் தாண்ட, அஸ்பார்ட்டேம் கலந்த டயட் பானத்தை நாளைக்கு 9 கேன்களுக்கு மேல் குடிக்க வேண்டும். எடை குறையும் என்று நம்பி இவற்றுக்கு மாறுவதை உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு பரிந்துரைக்க மறுத்தது. இனிப்புப் பானத்திலிருந்து இறங்க ஒரு படியாக வைத்துக்கொள்ளலாம், தண்ணீருக்கு மாற்றாக வேண்டாம்.

சர்க்கரையைக் கண்டு பயப்படவே கூடாத ஒரு நேரம் உண்டு. இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால், சோதித்ததில் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழ் (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) காட்டினால், 15 கிராம் குளுகோஸ் உடனே உள்ளே போக வேண்டும். நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரை தம்ளர் பழச்சாறாகவோ கொடுக்கலாம். சாக்லேட்டோ கேக்கோ எடுக்காதீர்கள், அவற்றின் கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதமாக்கி, சர்க்கரை ரத்தத்துக்கு வருவதை இழுத்தடிக்கும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள், இன்னும் குறைவாக இருந்தால் இன்னொரு 15 கிராம். நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.